மிச்சம் பிடித்த லாட்ஜ் வாடகை

அண்ணன் மகள் போன வாரம் கோயம்புத்தூருக்கு ஒரு இன்டர்வியூவுக்குப் போனாள். போவதற்கு முந்தின இரண்டு நாளும் செல்போனைக் கீழே வைக்கவில்லை. ஒரே ஓட்டல் அறைக்கு மூன்று ஆப்பில் மூன்று விலை காட்டுகிறதாம். ஒன்றில் காலை டிபன் சேர்த்தி. இன்னொன்றில் கூப்பன் போட்டால் முந்நூறு குறையும். ஞாயிற்றுக்கிழமை விலை இன்னும் மலிவு என்பதால் ஒரு நாள் முன்னாடியே போய்விடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டாள்.

"வாடகைய மிச்சம் புடிக்க ஒரு நாளு கூடத் தங்குவியா?" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்கல்லாம் அப்ப வெளியூரு போனா எங்க அத்தே தங்குவீங்க?"

"சொந்தக்காரங்க வூட்டுலதான்."

"ஐயே" என்று முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டாள். அவளுக்கு அது ஒரு வார்த்தை. எனக்கு எங்கிருந்தோ வைக்கோல் வாசனை வந்து மூக்கில் ஏறியது.

சொந்தக்காரர் வீட்டுக்கும் வைக்கோலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பீங்கான் கம்பெனியில் எனக்கு வேலை. பாதி வருஷம் கரண்ட் பெட்டியில் மாட்டுகிற ஃபியூஸ் கேரியர் செய்வார்கள், மீதி வருஷம் கொலு பொம்மை. கடிதம் எழுதவும் டெலிபோன் எடுக்கவும்தான் என்னைச் சேர்த்தார்கள். முதலாளிக்கு மூட்டுவலி வந்து ரயில்வே ஸ்டேஷன் படி ஏற முடியாமல் போனதும், சென்னைக் கடைகளுக்குச் சாம்பிள் பொம்மை கொண்டுபோகிற வேலை என் தலையில் விழுந்தது. நன்றாகப் பேசுவேன் என்று காரணம் சொன்னார். வாயாடி என்பதை மரியாதையாகச் சொன்னார் என்று இப்போது புரிகிறது. பொம்மை உடையாமல் இருக்க அட்டைப்பெட்டி நிறைய வைக்கோல் அடைத்து, ரயிலில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு போவேன். எழும்பூரில் இறங்கும்போது புடவை, பின்னல், கைக்குட்டை எல்லாவற்றிலும் வைக்கோல். அந்தக் கோலத்தோடுதான் பெரிய பெரிய கடைகளுக்கு ஆர்டர் கேட்கப் போனேன், நினைத்தால் எனக்கே தமாஷாக இருக்கிறது.

ரயிலுக்கு, சாப்பாட்டுக்கு, தங்குவதற்கு என்று முதலாளி மூன்று கவர் தருவார். ரசீது கேட்க மாட்டார். தங்குவதற்கான கவரை நான் செலவழித்ததே இல்லை. முதல் தடவை மட்டும் எழும்பூரில் ஒரு லாட்ஜ் வாசலில் போய் நின்றேன். மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்தவர், "கூட யாரும்மா வராங்க?" என்று மூன்று முறை கேட்டார். யாரும் இல்லை என்றதும் பெட்டியைப் பார்த்தார். "இதுல என்னா?" பிள்ளையார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அறையும் தரவில்லை. அன்றைக்குச் சித்தி வீட்டுக்குப் போனவள்தான், மூன்று வருஷம் வேறு எங்கேயும் தங்கவில்லை.

சித்தி அம்மாவுக்குக் கடைசித் தங்கை. கருவேப்பிலங்குறிச்சியில் வயலும் வாய்க்காலுமாகத் திரிந்துவிட்டு, சென்னையில் ஒரு ஆபீஸ் குமாஸ்தாவுக்கு வாக்கப்பட்டுப் போனவள். பிள்ளை கிடையாது. புரசைவாக்கத்தில் ஒரு மாடி வீடு. ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. மாடிப்படி முடிகிற இடத்தில் இரும்புக் கிரில் கேட். எனக்குப் படுக்கை ஃப்ரிட்ஜுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில். புரண்டு படுத்தால் மெஷினின் கால்மிதி முழங்காலில் இடிக்கும். காசு கொடுத்துத் தங்குகிற இடத்தில் அறை சரியில்லை என்று சண்டை போடலாம். சொந்தக்காரர் வீட்டில் மூன்றாவது தோசையைக்கூட வேண்டாம் என்று சொல்ல முடியாது.

சும்மா தங்குகிறோமே என்ற கூச்சத்துக்கு, போகும்போதெல்லாம் ஒரு செகண்ட்ஸ் பொம்மை கொண்டுபோவேன். கன்னத்தில் பெயின்ட் பிடிக்காத தயிர்க்காரி, மூக்கு வளைந்த கிளி, தும்பிக்கை கோணிப்போன யானை. கடையில் விலைபோகாத அதையெல்லாம் சித்தி ஷோகேஸில் வரிசையாக அடுக்குவாள். பெட்டியைப் பிரித்ததும் கீழே கொட்டுகிற வைக்கோலைக் கூட்டித் தள்ள மாட்டாள். ஒரு கை அள்ளி முகர்ந்து பார்ப்பாள். "நம்மூரு வாசன பாப்பா" என்பாள். ஊருக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போயேன் என்றால், "ஒங்க சித்தப்பாவுக்கு லீவு கெடைக்கட்டும்" என்பாள்.

சித்தப்பா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வாங்கி வருவார். வெளியே போகும்போது கேட்டைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துப் போவார். பட்டணத்தில் திருட்டு பயம், அதனால் அப்படி என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். "எங்க மாப்ள ரொம்பப் பொறுப்பு" என்று அம்மாவே பத்து பேரிடம் சொல்லியிருக்கிறாள். நானும் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன்.

நான் கடைசியாக அங்கே தங்கியது கொலு ஆர்டருக்காகப் போனபோது. பாரிமுனையில் ஒரு பெரிய பொம்மைக் கடை. முந்தின வருஷம் அந்த ஆர்டர் கை நழுவிப்போயிருந்தது. முதலாளி கிளம்பும்போதே சொல்லிவிட்டார். "இந்தத் தடவையும் வரலன்னா, அடுத்த தடவ ஆம்பள யாரையாச்சும் அனுப்பிக்கிறேம்மா. ஒன்னக் கொற சொல்லல." குறை சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? மறுபடி டெலிபோன் மேஜை. வீட்டில் வேறு கல்யாணப் பேச்சு ஆரம்பமாகியிருந்தது. மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை தனியாக ரயிலேறுகிற அந்த இரண்டு நாளில்தான் எனக்கு மூச்சே வந்துகொண்டிருந்தது.

வழக்கமாக ஒன்பது மணிக்கு வரச் சொல்கிற கடைக்காரர் அன்றைக்குப் பதினொரு மணி என்றிருந்தார். பன்னிரண்டுக்கு அவர் வெளியூர் கிளம்புகிறார். எப்போதும் எட்டு மணிக்கே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுகிற நான் அன்று நிதானமாகத் தலைக்குக் குளித்தேன். பாத்ரூமில் இருக்கும்போது வாசல் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. தலை துவட்டி, தோசை சாப்பிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் கேட்டில் பூட்டு தொங்கியது.

"சித்தி, சித்தப்பா பூட்டிட்டுப் போயிட்டாரு!"

"ஆமாம்."

"நான் உள்ள இருக்கறத மறந்துட்டாரா?"

சித்தி தோசைக்கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எப்ப வருவாரு?"

"ஆறரைக்கு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இப்பிடித்தான் பாப்பா."

அவள் சொன்ன விதத்தில் எனக்கு ஏதோ உறைத்தது. தினமுமா என்று கேட்டேன். கல்யாணம் ஆன மறு வாரத்திலிருந்து என்றாள். பதினாலு வருஷம். அன்றைக்கு முன் பத்து தடவை அந்த வீட்டில் தங்கியிருக்கிறேன். நான் படியிறங்கிப் போன பிறகு, சித்தப்பா ஆபீஸ் கிளம்புகிற எட்டே முக்காலுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. எனக்கு அது வாடகை இல்லாத லாட்ஜ், அவ்வளவுதான். லாட்ஜில் இருப்பவர்களைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

அப்போதுகூட சித்தியை நினைத்து நான் பதறவில்லை. என் ஆர்டரை நினைத்துத்தான் பதறினேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கேட்டைப் பிடித்து உலுக்கினேன். கத்தட்டுமா என்றேன். "வேணாம், பக்கத்து வூட்டுக்காரங்க அவருகிட்ட சொல்லிப்புடுவாங்க" என்றாள். ஹாலுக்கும் கேட்டுக்குமாக நடந்தேன். அவ்வளவு சின்ன வீடு அது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இந்தச் சுவரில் முட்டித் திரும்பினால் பத்தாவது அடியில் அந்தச் சுவர். மணி பத்து அடித்ததும் பெட்டி மேலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். "இந்த வேல போச்சுன்னா என்ன எங்கியும் வுடமாட்டாங்க சித்தி. வூட்டோட கெடக்க வேண்டியதுதான்." யாரிடம் போய் இதைச் சொல்கிறோம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

 சித்தி ஷோகேஸைத் திறந்து, தும்பிக்கை கோணிய அந்த யானையை எடுத்தாள். எங்கள் பொம்மைகள் உள்ளே கூடு. அச்சில் களிமண் கரைசலை ஊற்றி, ஓரம் பிடித்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். சூளையில் வெடிக்காமல் இருக்க வயிற்றில் ஒரு ஓட்டையும் வைப்பார்கள். சித்தி அந்த ஓட்டையில் அடைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டு யானையைக் கவிழ்த்து ஆட்டினாள். ஒரு சாவி விழுந்தது.

"பூட்டு மாத்துனப்ப அட்டையில மூணு சாவி இருந்துச்சு. அவருக்கு ரெண்டுன்னுதான் நெனப்பு."

கம்பி வழியாகக் கையை விட்டுப் பூட்டைத் திருப்பப் பார்த்தேன். முழங்கை சிக்கியது. "மேல் சந்துல வுடு பாப்பா, கீழ வுட்டா முட்டி மாட்டிக்கும்" என்றாள் பின்னாலிருந்து. அவள் சொன்னபடி விட்டதும் பூட்டு திறந்தது.

"நீ வெளிய போயிருக்கியா சித்தி?"

"ரெண்டு தடவ. ஒரு தடவ படி வரைக்கும். இன்னொரு தடவ தெருமுன வரைக்கும் போயி, கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன்."

"ஏன் வந்துட்ட?"

"நின்னுக்கிட்டே இருக்க முடியுமா?" என்றாள். "நேரமாவுது ஒனக்கு. பூட்டிட்டு சாவியக் குடுத்துட்டுப் போ."

நான் வெளியே வந்து கேட்டைச் சாத்தினேன். பூட்டினேன். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துக்கூடப் பார்த்தேன். சாவியைக் கம்பிக்குள் நீட்டினேன். சித்தி வாங்கிக்கொண்டு, "ஓடு, ஓடு" என்றாள்.

ஆர்டர் கிடைத்தது. முந்தின வருஷம் போனதற்கும் சேர்த்துக் கிடைத்தது. தலைகால் புரியாமல், சித்திக்கு நாலு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு சாயங்காலம் ஏழு மணிக்குத் திரும்பி வந்தேன். சித்தப்பா பனியனோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

"காலையில எப்ப பாப்பா கெளம்புன?"

"நீங்க போறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டேன் சித்தப்பா."

"நான் பூட்டுறப்ப ஒன் செருப்பு வெளிய கெடந்துச்சே."

நான் உள்ளே இருப்பது தெரிந்துதான் பூட்டியிருக்கிறார்.  அவர் என்னை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சித்தி பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். சித்தி யானையை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் கவிழ்த்தாள். சாவி விழுந்தது.

"இன்னொண்ணு இருக்குதா?"

"இல்லீங்க."

சாவியை ஆணியில் தொங்கிய சட்டையின் பைக்குள் போட்டுவிட்டு, யானையை ஷோகேஸில் இருந்த இடத்திலேயே உடையாமல் வைத்தார். "சாப்புடு பாப்பா, வண்டிக்கு நேரமாவுது" என்றார். சித்தி தட்டு வைத்தாள். அவளுக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாடி என்று பெயரெடுத்தவள், தலையைக் குனிந்து மூன்று தோசை தின்றுவிட்டு ரயிலேறினேன். இன்றுவரை எனக்கு அது வெட்கம்.

பத்து நாளில் சித்தப்பாவிடமிருந்து அப்பாவுக்குக் கடிதம் வந்தது. வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்பாதீர்கள், வீட்டில் தங்கவைக்க எங்களுக்கும் தோதுப்படவில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார். ஆர்டர் வந்ததால் முதலாளி என்னை விடவில்லை. அதன்பிறகு நாள் வாடகைக்கு இடம் கொடுக்கிற ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கினேன். மூன்றாவது கவரில் ஒரு பைசா மிஞ்சவில்லை. வெளியூர் வேலை மட்டும் அதற்குப் பிறகு இருபது வருஷம் என் கையில் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் சித்திக்கு நெஞ்சுவலி வந்தது. நான் அன்று சேலத்தில் இருந்தேன். போய்வந்த அம்மாதான் சொன்னாள். "சத்தங் கேட்டுப் பக்கத்து வூட்டுக்காரங்க ஓடியாந்திருக்காங்க. கேட்டு வரைக்கும் எப்பிடியோ வந்துட்டா. அந்த வூட்டம்மா கம்பி வழியா கைய வுட்டு இவ கையப் புடிச்சிக்கிட்டே ஒக்காந்திருந்துச்சாம். பூட்ட ஒடைக்க ஆளு வர்றதுக்குள்ள போயிட்டா."  மாப்பிள்ளை பொறுப்பு என்ற பேச்சை அதற்குப்பிறகு அம்மா எடுக்கவே இல்லை.

சித்தப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மாடி வீட்டை இடித்து, இப்போது அங்கே நாலு மாடிக் கட்டிடம் நிற்கிறது. சொந்தக்காரர் வீட்டில் தங்குகிற பழக்கமும் போய்விட்டது. போனதே நல்லது என்று சில சமயம் தோன்றும். யாருக்கும் பாரமில்லை. ஆனால் பூட்டிய கேட்டுக்கு உள்ளே இருக்கிறவளைப் பார்க்க, தங்குகிற சாக்கிலாவது ஒருத்தி வந்து போய்க்கொண்டிருந்தாளே, அந்த வருகையும் அதோடு போய்விட்டது.

அன்றைக்குக் கேட் அரை நிமிஷம் திறந்துதான் இருந்தது. நான் வெளியே, சித்தி உள்ளே, நடுவில் ஒன்றுமில்லை. கடைத்தெரு வரைக்கும் நீயும் வாயேன் சித்தி என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.