மாசிலாமணி மாஸ்டரின் களைப்புப் பரீட்சை

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று. பட்டணத்துக் கல்லூரியில் மனநூல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த பெரியதம்பியை வெளியே அழைத்துச் சொன்னவர், திண்டிவனத்திலிருந்து ரயிலேறி வந்திருந்த கணக்கு வாத்தியார் முத்துசாமி. "நம்ம டிரில் மாஸ்டர் பூட்டாருங்க. நேத்து சாயங்காலம், கிரவுண்டுலயே. மார வலிக்குதுன்னு குந்தினாராம், அவ்ளோதான். இன்னிக்கி அஞ்சு மணிக்கு அடக்கம்." பெரியதம்பிக்கு அழுகை வரவில்லை. அந்த மனிதர் உட்கார்ந்தார் என்பதையே அவரால் நம்ப முடியவில்லை.

மாசிலாமணி மாஸ்டர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை; டிரில் செய்தும் பார்த்ததில்லை. செய்யச் சொல்வதுதான் அவர் உத்தியோகம். காக்கி நிஜாருக்கு மேல் பிதுங்கி நிற்கும் தொப்பையைத் தட்டிக் காட்டி, "நான் குதிச்சா ரயிலு தண்டவாளத்த உட்டு எறங்கிடும்டா, நீங்க குதிங்க" என்பார். கான்வாஸ் ஜோட்டுக்கு வெள்ளைப் பூச்சு கடையில் வாங்கமாட்டார். முத்துசாமியின் வகுப்பில் உதிர்ந்து கிடக்கும் சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கித் தண்ணீரில் குழைத்துப் பூசிக்கொள்வார். முத்துசாமி முறைத்தால், "உன் போர்டுல இருந்தா முப்பது பேருதான் பாப்பான். எங்காலுல இருந்தா ஊரே பாக்குது" என்று பதில் வரும்.

கட்டளைகள் இங்கிலீஷில் பிறந்து பாதி வழியில் ஊருக்கு வந்துசேரும். "ரைட்டு டர்ன்! சோத்தாங்கைப் பக்கம்டா, சோத்தாங்கை! எந்தக் கையில துன்னியோ அந்தக் கை!" வரிசை ஒழுங்காகத் திரும்பிவிட்டால் அவருக்கே ஆச்சரியமாக இருக்கும். சட்டென்று விசிலை எடுத்து ஊதி எல்லோரையும் கலைத்துவிடுவார்.

ஆட்டம் தொடங்குமுன் வரிசையில் ஒவ்வொருவனாகக் கேட்டுக்கொண்டே போவார்: "இன்னா துன்னே காலையில?" கேப்பைக்கூழ் என்பான் ஒருவன், பழையது என்பான் இன்னொருவன். பதில் சொல்லத் தயங்குகிறவனின் தோளில் தட்டி, "நீதான் இன்னிக்கி அம்பயரு. போய் நெழல்ல குந்து" என்பார். சில நாட்களில் ஆடுகிறவர்களைவிட அம்பயர்கள் அதிகமாக இருப்பார்கள்.

விழுப்புரத்தில் சடுகுடுப் பந்தயம் என்றால் அவர் போக்கே மாறிவிடும். அன்று காலையிலிருந்து எவனும் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, உரக்கப் பேசவும் கூடாது. மரத்தடியில் சாக்கு விரித்து அத்தனை பேரையும் மல்லாக்கப் படுக்க வைப்பார். அவர் மனைவி சவுரியம்மாள் உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலையை, அவர்கள் பாஷையில் மல்லாட்டையை, கூடையோடு கொண்டுவந்து நடுவில் வைப்பாள். தின்பது, படுப்பது, தின்பது. "தெம்ப செலவு பண்ணாதீங்கடா, சேத்து வையுங்க" என்று அதட்டிக்கொண்டே சுற்றி வருவார். பாதிப் பந்தயங்களில் தோற்றுத்தான் திரும்பினார்கள். திரும்பும் ரயிலில் மற்ற பிரயாணிகளை உறங்கவிடாமல் பாடிக்கொண்டு வருவதும் அவர்கள்தான்.

முப்பத்தெட்டாம் வருஷம் பெரியதம்பி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். விக்கிரவாண்டிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. பட்டணத்துச் சர்வகலாசாலையில் மாணவர்களின் களைப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி அவரைப் பார்த்ததும் மகிழ்ந்துபோனார். அந்த வருஷம் கணக்கில் தேறியவர்கள் குறைவு. டிரில் முடிந்து வருகிறவர்கள் வகுப்பில் தூங்கி விழுகிறார்கள் என்பது அவர் கட்சி. "உங்கள் பரீட்சையில் அது ருசுவானால், வருகிற ஜூனிலிருந்து அந்தப் பீரியடை முத்துசாமிக்குக் கொடுத்துவிடுவேன்" என்றார். பீரியட் போனால் மாஸ்டர் உத்தியோகமும் போகும். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. கதவோரம் நின்றிருந்த மாசிலாமணிக்குச் சொல்லாமலே விளங்கியது.

பரீட்சை எளிதானது. மூன்றாம் பார வகுப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டியது. ஒரு பாதி மைதானத்தில் டிரில் செய்யும். மறு பாதி வகுப்பில் உட்கார்ந்து வாசிக்கும். மணியடித்ததும் இரண்டு பாதிக்கும் ஒரே கூட்டல் கணக்குகள். யார் வேகமாக, தப்பில்லாமல் போடுகிறார்கள் என்று பார்த்தால், டிரில் மூளையைக் களைக்கவைக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். பெரியதம்பி வகுப்பிலிருந்த பாதியோடு இருந்துகொண்டார். மைதானம் மாஸ்டரின் பொறுப்பு.

பெரியதம்பி விடைத்தாள்களை இரண்டு தரம் திருத்திப் பார்த்தார். டிரில் செய்த பாதி வெகுதூரம் முந்தியிருந்தது. களைப்பாவது ஒன்றாவது! மூளை தீட்டி வைத்ததுபோல் அல்லவா இருக்கிறது! பேராசிரியருக்கு எழுத மனத்துக்குள்ளேயே வாக்கியங்கள் ஓடத் தொடங்கின. மைதானத்துக்கு ஓடிப்போய் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"செயிச்சிட்டமா சார்?" மாசிலாமணியின் முகம் விரிந்தது. "எனக்குத் தெரியும் சார். ஒருத்தனையும் அசைய உடலியே!"

"என்ன சொல்றீங்க?"

"ஓட உட்டா களைச்சிப் பூடுவானுங்க இல்ல? பந்தயத்து அன்னிக்கி இன்னா செய்வமோ அதயேதான் செஞ்சேன். மரத்தடியில படுக்க வச்சி, வயிறு முட்ட மல்லாட்டை. எழுந்துக்கினு ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட எங்கிட்ட கேட்டுக்கினுதான் போனானுங்க."

பெரியதம்பி அப்படியே மைதானத்து ஓர வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "மாஸ்டர், இது பந்தயமில்லை. டிரில் செஞ்சா களைப்பு வருதான்னு பார்க்கத்தானே இத்தனையும்? இன்னொரு தரம் ஓட விட்டுப் பார்க்கணும்."

"வரும் சார்! வராம? அதனாலதான செய்ய உடல!"

பெரியதம்பி நிமிர்ந்து பார்த்தார். பதினைந்து வருஷமாக டிரில் சொல்லிக்கொடுக்கிற மனிதர், டிரில் மூளைக்கு ஆகாது என்று மனசார நம்பிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியரைவிட உறுதியாக.

"எனக்குக் கணக்கே வராது சார்" என்று மாஸ்டர் குரலைத் தணித்துக்கொண்டார். "சின்னதுல ரொம்ப ஓடிட்டேன். அதான்னு நெனச்சிக்கினு இருக்கேன். இப்ப ஓட உட்டுப் பரீட்ச வைக்கச் சொல்றீங்க. பேஜாராச்சே. சோறு போற விஷயம்."

"பொய்க் கணக்கை நான் அனுப்ப முடியாதுங்க."

மாசிலாமணி சிறிது நேரம் விசிலை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சரி, ஓட உடறேன். ஆனா மல்லாட்டைய மட்டும் நிறுத்தாதீங்க. ஒரு தரம் குடுத்துட்டு மறுதரம் இல்லேன்னா பசங்க மூஞ்சியப் பாக்க முடியாது. ரெண்டு கட்சிக்கும் குடுத்துட்டா நாயந்தானே?"

நியாயந்தான் என்று பெரியதம்பிக்கும் பட்டது. சவுரியம்மாள் இரண்டு கூடை அவித்தாள். இந்தத் தடவை பெரியதம்பி மைதானத்தில் நின்றார். மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு விசில் ஊதினார். பையன்கள் ஓடிய ஓட்டத்தில் புழுதி பறந்தது. ஒவ்வொருவன் ஓடி முடிக்கும்போதும், "பூடுச்சி, மூளை பூடுச்சி" என்று மாஸ்டர் முணுமுணுப்பது பெரியதம்பியின் காதில் விழுந்தது.

தாள்கள் வந்தன. ஓடிய பாதிக்கும் உட்கார்ந்திருந்த பாதிக்கும் வித்தியாசமே இல்லை. ஆனால் போன தடவை பின்தங்கிய வகுப்புப் பாதி, இந்தத் தடவை மேலே ஏறி மைதானப் பாதியோடு சமமாக வந்து நின்றது. கணக்கு பழகிவிட்டதால் இருக்குமோ என்று, மல்லாட்டை இல்லாமல் இன்னொரு நாள் வைத்துப் பார்த்தார். இரண்டு பாதியும் ஒன்றாகக் கீழே இறங்கின.

தலைமையாசிரியர் அறையில் பெரியதம்பி இதை விளக்கி முடித்தார். மாசிலாமணிதான் முதலில் வாய் திறந்தார். அவர் பேசியது கிருஷ்ணசாமியிடம்கூட இல்லை, தம்மிடமே பேசிக்கொள்வதுபோல் இருந்தது.

"அப்ப ஓடினதால இல்லியா?"

"இல்லை மாஸ்டர். தூங்கி விழறவன் பசியில விழறான்."

"நான் ஓடினதாலயும் இல்லியா?"

"அதை நான் பரீட்சித்துப் பார்க்கலையே" என்றார் பெரியதம்பி. கிருஷ்ணசாமி உட்பட மூவரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு தலைமையாசிரியரின் பிடிவாதம் கொஞ்சம் இளகியது. "டிரில்லால் லாபம் என்றும் நீங்கள் சொல்லவில்லையே" என்று மட்டும் கேட்டார்.

மாசிலாமணி நெஞ்சை நிமிர்த்தினார். "நஷ்டம் இல்லேன்னு சர்வகலாசாலையே சொல்லிடிச்சே ஐயா. நஷ்டமில்லாம பசங்க சிரிக்கிறது ஒரு பீரியடு இருந்துட்டுப் போவட்டுமே."

கிருஷ்ணசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார்.

ஒவ்வொரு வருஷமும் அவர் அதையே சொன்னார். ஒவ்வொரு ஜூனிலும் மாசிலாமணி அறை வாசலில் போய் நின்று, "பாத்துட்டீங்களா ஐயா?" என்று கேட்பார். "அடுத்த வருஷம்" என்று பதில் வரும். சலாம் வைத்துவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார். யுத்தம் வந்தது, போனது, பீரியட் போகவில்லை. பெரியதம்பிக்குப் பட்டம் கிடைத்ததும் மாஸ்டர் தெருத் தெருவாகச் சொன்னார்: "என் வூட்டு மல்லாட்டையத் துன்னுட்டுத்தான் அந்தாளு டாக்டர் ஆனாரு. ஊசி போடற டாக்டர் இல்லே, ஒசந்த டாக்டரு." ஊருக்குப் போகிற வழியில் பெரியதம்பி இறங்கும்போதெல்லாம் சவுரியம்மாள் கூடையைக் கொண்டுவந்து வைப்பாள். "துன்னுங்க சார், இன்னிக்கிக் கூட்டல் கணக்கு இல்லே" என்பாள்.

அன்று மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டத்தில் பழைய மாணவர்கள் நின்ற வரிசை வெளி ரோடு வரைக்கும் போயிற்று. யாரும் சொல்லாமலே டிரில் வரிசைபோல் உயரவாரியாக நின்றிருந்தார்கள். சவுரியம்மாள் அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா, சிரித்தாளா என்று தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் திறந்தது. மத்தியானம் மூன்றாம் பாரம் பெஞ்சுகளில் எழுந்து நின்றது, போவதா இருப்பதா என்று தெரியாமல். முத்துசாமி தலைமையாசிரியரிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மாஸ்டர் இல்லீங்களே... இந்தப் பீரியடு நான் கணக்கு எடுத்துக்கட்டுங்களா?"

கிருஷ்ணசாமி தலை நிமிரவில்லை. "அது டிரில் பீரியட், ஓய். கூட்டிக்கொண்டு போம்."

வகுப்பு மைதானத்துக்குப் போயிற்று. முத்துசாமி முன்னால், பட்டணம் திரும்பாமல் தங்கிவிட்ட பெரியதம்பி பின்னால். நீளத்தாண்டலுக்கென்று வேப்பமரத்துக்கு அப்பால் மாஸ்டர் புதிதாக ஒரு குழி வெட்டியிருந்தார். அதில் பாதி வரைக்கும்தான் மணல் கொட்டியிருந்தது. மீதி மணல் கரையில் குவிந்து கிடக்க, அதன்மேல் அவர் விட்டுப்போன மண்வெட்டி சாய்ந்திருந்தது.