மாகுமாலோ சொன்ன மழைக்கோட்டு

செய்தி வந்தபோது மணி ஒன்பது இருபது. பள்ளிக்கூட மண்டபத்தில் முப்பத்தொரு ஆண்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். முன்தோல் நீக்கும் முகாம். நோமுசா மேசைக்குப் பின்னால் அமர்ந்து ஒவ்வொருவர் பெயராகக் கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். வாசலில் சிஃபிசோ வந்து நின்றான். அவளுடைய கணவன் பேகியின் தம்பி. மூன்று வாரத்துக்கு முன்பு இதே மண்டபத்தில் வெட்டிக்கொண்டு போனவன்.

வரிசையில் இருந்த ஒருவன் அவனைப் பார்த்ததும் ஆரம்பித்தான். "என்னடா சிஃபிசோ, மறுபடியுமா? போன தடவை மிச்சம் வெச்சுட்டாங்களா?"

பெஞ்சுகள் குலுங்கச் சிரிப்பு. சிஃபிசோ சிரிக்கவில்லை. தொப்பி அவன் கையில் இருந்தது.

"அண்ணி, கொஞ்சம் வெளியே வாங்க."

"இன்னும் நாலு பேர்தான். எழுதிட்டு வந்துடறேன்."

"அண்ணி. ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு."

அவள் பாதியில் விட்ட பெயரை எழுதி முடித்தாள். சிஸ்டர் செலே வந்து அவள் விரல்களிலிருந்து பேனாவை மெதுவாக உருவி எடுத்துக்கொண்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கேலி பேசியவன் தலையைக் குனிந்துகொண்டான். எட்டு நாளாக நுரையீரலில் சளி கட்டி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த பேகி போய்விட்டான். முப்பத்தேழு வயது.

சனிக்கிழமை அடக்கம் முடிந்தது. அதற்கு முன்பே அவளை வட்டக் குடிசையில் தரையில் போட்ட மெத்தையில் உட்கார வைத்துவிட்டார்கள். சன்னல் கண்ணாடியில் சாம்பலைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி. தோளைச் சுற்றிக் கம்பளி. அடக்கத்துக்குப் பிறகும் ஒரு மாதம் அந்த மெத்தையை விட்டு நகரக் கூடாது. அதன் பிறகு ஒரு வருடம் கறுப்பு உடுத்த வேண்டும். பெண்கள் முறை வைத்து வந்து அருகில் உட்கார்ந்தார்கள், பாடினார்கள், அழுதார்கள், தேநீர் குடித்தார்கள். அவளைத் தனியாக விடுவது மரியாதை இல்லை.

அதுதான் கஷ்டமாக இருந்தது. இரவு எட்டு மணிக்கு அவளுடைய கைபேசி ஒலிக்கும். முதல் நாள், பாட்டின் நடுவில் ஒலித்துவிட்டது.

"என்னம்மா அது?" என்றார் அத்தை. மாமனாரின் அக்கா. அந்த வீட்டில் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவர்.

"ஜெப நேரம், அத்தை."

"நல்ல பழக்கம்."

ஜெபம் செய்கிறவள் போலக் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். குலுங்கிச் சத்தம் வராமலிருக்கப் பஞ்சு திணித்த குப்பியிலிருந்து மாத்திரையை எடுத்துத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள். மூன்று வருடமாக இப்படித்தான் விழுங்குகிறாள். மெத்தைக்கு வரும்வரை சோளமாவு டப்பாவுக்குள் இருந்த குப்பி இப்போது இடுப்பில் இருந்தது.

நோமுசா பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் ஒரு வருடம் படித்தாள். அதற்குள் பேகியின் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்துவிட்டார்கள். புகுந்த வீட்டில் யாரும் அவளை நோமுசா என்று கூப்பிட்டதில்லை. பிறந்த குலத்தின் பெயரால் மாகுமாலோ. அவளும் மாமனாரின் பெயரைச் சொன்னதில்லை, அந்தப் பெயரின் ஒலி வருகிற சொற்களைக்கூடச் சொன்னதில்லை. அவர் எதிரே தலைத்துணியில்லாமல் நின்றதில்லை, கண்ணைப் பார்த்துப் பேசியதில்லை. அதை அவள் பாரமாக நினைத்ததும் இல்லை. கிளினிக்கில் ஆலோசகர் வேலை கிடைக்கும் வரை.

அங்கே போனால் நாள் முழுக்க முன்பின் தெரியாத ஆண்களிடம் ஆணுறையைப் பற்றி, விந்தைப் பற்றி, எய்ட்ஸ் கிருமியைப் பற்றி வாய் கூசாமல் பேசுவாள். மரக்கட்டையில் உறை மாட்டிக் காட்டுவாள். மாலையில் வேனிலிருந்து இறங்கி வீட்டு வேலிக்குள் நுழைந்ததும் குரல் தானாகத் தணிந்துவிடும்.

வேலையில் சேர்ந்த வருடம், ஒரு மதிய இடைவேளையில், தன் பையிலிருந்த பரிசோதனைப் பட்டையைத் தன் விரலிலேயே குத்திப் பார்த்தாள். இரண்டு கோடு: கிருமி இருக்கிறது. அந்த மாதக் கடைசியில் மரத்தோட்ட வேலையிலிருந்து பேகி வீட்டுக்கு வந்தபோது சொன்னாள். அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"உன் வேலையால வந்த வியாதி அது. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அதையே பேசிட்டிருந்தா ஒட்டாம என்ன செய்யும்?"

"பேச்சுல ஒட்டாது, பேகி. நீயும் ஒரு தடவை பார்த்துடு."

"அண்ணன் பார்த்தார். மாத்திரை தின்னார். மூணே வாரம். ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. மூத்தவர் செத்தது 2004இல். எழுந்து உட்கார முடியாத நிலையில்தான் மருந்து ஆரம்பித்தார்கள். ஆனால் அந்த வீட்டில் அந்தக் கதை ஒரே விதமாகத்தான் சொல்லப்பட்டது: மாத்திரை தின்றான், செத்தான். மாமனார் இருபத்திரண்டு வருடம் தங்கச் சுரங்கத்தில் இருந்தவர். கம்பெனி டாக்டர்கள் அவரை எடை பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, நெஞ்சில் தூசி ஏறியதும் ஒரு காகிதத்தைக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் சொல்வதை நம்ப அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. கிருமியே இல்லை, பசிதான் நோய், மாத்திரைதான் விஷம் என்று படித்தவர்களே வானொலியில் பேசிய காலம் அது. அவர் தோட்டத்தில் பீட்ரூட் போட்டார். பூண்டும் எலுமிச்சையும் சேர்த்து அரைத்து மகனுக்குத் தன் கையாலேயே கொடுத்தார். வேன் நிலையத்தில் ஒருவன் விற்ற கறுப்புக் கஷாயத்தையும் பாட்டில் பாட்டிலாக வாங்கி வந்தார். பேகி எல்லாவற்றையும் குடித்தான். அப்பா கொடுத்ததைக் குடிக்காமல் இருக்க அவனுக்குத் தெரியாது. அவளிடம் அவன் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "உன் மாத்திரை அப்பா கண்ணுல படக் கூடாது."

வானொலியில் அந்தப் பேச்சு பிற்பாடு நின்றது. அரசாங்கமே மாத்திரை கொடுத்தது. வீட்டில் மட்டும் ஒன்றும் நிற்கவில்லை.

பிறகு அவர்கள் இனத்து மன்னர் சொல்லிவிட்டார், ஆண்கள் மறுபடி வெட்டிக்கொள்ள வேண்டும் என்று. போர்க்காலத்தில் விட்டுப்போன வழக்கம். மாத்திரையை வாசலில் ஏற்றாத மாமனார் கத்திக்கு உடனே சரி என்றார். "இது வெள்ளைக்காரன் மருந்தில்ல. நம்ம பாட்டன்மாரோடது."

நோமுசாவுக்கு வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கும் வேலை. முதல் கூட்டத்தில் அவள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே பேசினாள். வெட்டிக்கொண்டால் ஆணுக்கு நோய் தொற்றுவது பத்தில் ஆறு பங்கு குறையும். முழுக்க நிற்காது. பெண்ணுக்கு அதனால் நேரடிப் பாதுகாப்பு இல்லை. உறை வேண்டும். ஆறு வாரம் பெண்ணோடு படுக்கக் கூடாது.

கூட்டத்தில் இருந்த மாட்டுக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். "பத்துல ஆறு சரிம்மா. மீதி நாலு பேர் யாருன்னு இப்பவே பேரைச் சொல்லிட்டா அவங்க வீட்டுக்குப் போயிடலாம்ல?"

அன்று யாரும் பெயர் கொடுக்கவில்லை. அடுத்த கூட்டத்திலும் இல்லை. மூன்றாவது கூட்டத்தில், பேகி வீட்டில் எலும்பும் தோலுமாக இருமிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், அவள் கணக்கை விட்டுவிட்டாள். "இது மழைக்கோட்டு மாதிரி," என்றாள். "ஒரு தடவை போட்டுக்கிட்டா ஆயுசு பூரா கழட்ட வேண்டாம்." பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள்.

சிஸ்டர் செலே அவளைத் தனியே அழைத்துக் கண்டித்தார். "அப்படிச் சொல்லாதே. கோட்டுலயும் ஓட்டை இருக்குன்னு சேர்த்துச் சொல்லு."

"ஓட்டைன்னு சொன்னா யார் சிஸ்டர் வாங்குவாங்க?"

அந்தப் பதினெட்டில் பதினேழாவது சிஃபிசோ. இருபத்துநான்கு வயது. பரிசோதனைக்கு மட்டும் வரமாட்டேன் என்றான். "அண்ணி, முழு ஆம்பளைக்கு எதுக்கு டெஸ்டு? சும்மா எழுதிடுங்க." கட்டாயமில்லை என்பதுதான் விதி. பரிசோதனைக் கட்டத்தில், செய்யவில்லை என்பதற்கு, அவள் ஒரு கோடு போட்டாள். வெட்டியதற்கு அடையாளமாக ஒரு சிறு அட்டை கொடுத்தார்கள். அதை அவன் பணப்பையில் அடையாள அட்டைக்கு முன்னால் செருகிக்கொண்டான்.

மெத்தையில் பதிமூன்றாம் நாள் மாமனார் உள்ளே வந்தார். குடிசையின் வலப்பக்கம், ஆண்கள் பக்கம், அமர்ந்து சுவரைப் பார்த்துப் பேசினார். அவருடைய வார்த்தைகளை அத்தை அவள் பக்கம் திருப்பிச் சொன்னார், நான்கடி தூரத்தில் அவளுக்குக் கேட்காதது போல.

"பேகி வீடு அணையக் கூடாதுன்னு என் தம்பி சொல்றான். கறுப்பைக் கழட்டினதும் சிஃபிசோ உன் குடிசைக்கு வருவான். அண்ணன் பேருக்கு ஒரு ஆம்பளைப் பிள்ளை வேணும். நீ எங்களுக்குன்னு அமைஞ்ச மருமக. வேற வீட்டுக்குப் போக விடமாட்டோம்."

கிழவர் அழுதுகொண்டிருந்தார். முகத்தைத் துடைக்கவில்லை. மூன்று மகன்களில் ஒருவன் மிச்சம். அவனைத்தான் அவளுக்குத் தருகிறார்.

சொல்ல வேண்டிய வாக்கியம் அவளிடம் இருந்தது. நூறு தடவைக்கு மேல் அந்நியர்களுக்காகச் சொன்னது. 'என் உடம்பில் கிருமி இருக்கிறது.' அதை மாமனார் இருக்கும் இடத்தில், அவர் மகனின் உடம்பையும் சேர்த்து, ஒரு மருமகள் சொல்வதற்கு அந்த மொழியில் சொல்லே கிடையாது. மீறிச் சொன்னால் அவர்கள் கேட்கப்போவது ஒன்றைத்தான்: அப்படியென்றால் நீதான் அவனைக் கொன்றாயா? மெத்தையை விட்டு எழுந்து போகவும் முடியாது. கறுப்போடு ஓடிப்போனவளைப் பிறந்த வீடும் சேர்க்காது.

"சரி, பாபா," என்றாள்.

நான்கு நாள் கழித்து, பெண்கள் எல்லோரும் யாரோ ஒருவர் வீட்டில் விருந்துக்கு மாடு அறுக்கிறார்களென்று போயிருந்த மதியம், சிஃபிசோ தேநீர் கொண்டுவந்து கதவருகே குத்துக்காலிட்டான்.

"அண்ணி, அப்பா சொன்னது கேட்டீங்களா? நான் கேக்கலை, சத்தியமா. எனக்கே சிரிப்பா வருது. சின்னப் பையனா இருக்கும்போது என் மூக்கைத் துடைச்சவங்க நீங்க."

"இப்பவும் துடைக்காமத்தான் திரியறே."

அவன் சிரித்தான். இரண்டு வாரத்தில் அந்தக் குடிசையில் கேட்ட முதல் சிரிப்பு. அவள் கம்பளியைத் தோளிலிருந்து தளர்த்தினாள். இப்போது சொல்லாவிட்டால் இல்லை.

"சிஃபிசோ, உன் அண்ணன் எதுல செத்தார்னு தெரியுமா?"

"நெஞ்சுச் சளி."

"சளி எதனால வந்துச்சு?"

அவன் தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினான்.

"எனக்கும் அது இருக்கு. மூணு வருஷமா மாத்திரை சாப்பிடறேன். அதனால உக்காந்து பேசிட்டிருக்கேன். அவர் சாப்பிடலை."

 அவன் பணப்பையை எடுத்து அட்டையை உருவி அவள் பக்கம் நீட்டினான், அவளைத் தேற்றுகிறவன் போல.

"அதனால என்ன அண்ணி? நான்தான் மழைக்கோட்டு போட்டாச்சே."

அவள் குரலிலேயே, அவள் இழுத்துச் சொல்வது போலவே சொன்னான்.

"அது ஓட்டைக் கோட்டு, சிஃபிசோ. பத்துத் தடவையில நாலு தடவை நனையும். நான் உங்ககிட்டச் சரியாச் சொல்லலை. ஆள் வரணும்னு அப்படிச் சொல்லிட்டேன்."

"ஊர் பூரா அதைத்தான் சொல்லிட்டிருக்கோம்."

"தெரியும்."

"ஆறு வாரம்னு சொன்னீங்களே, அதாவது நிஜமா?"

"நிஜம். புண்ணு ஆறுறதுக்கு முன்னால பொம்பளைகிட்டப் போனா வெட்டிக்காதவனைவிட மோசம். ஏன்?"

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கடைத்தெருவுல, சலூன்ல இருக்கே, அந்தப் பொண்ணு. மூணாவது வாரமே. அட்டையைக் காட்டினேன். உறை வேண்டாம்னு ரெண்டு பேருமே சொல்லிக்கிட்டோம்." அட்டையைப் பணப்பைக்குள் செருகிக்கொண்டே, "அண்ணன் அடக்கத்தன்னிக்கு ராத்திரியும்."

அவள் கதவுக்குப் பின்னால் ஆணியைக் காட்டினாள். வீடு வீடாகப் போகும்போது தோளில் மாட்டும் நீலப் பை அங்கே அப்படியே தொங்கியது. மெத்தையில் இருப்பவள் வேலைச் சாமானைத் தொடக் கூடாது.

"அதை எடு. உள்ளே ரெண்டு பட்டை இருக்கும்."

"கிளினிக்குல போய்..."

"போக மாட்டே. உன்னை எனக்குத் தெரியும்."

அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் ஒரு பட்டையின் மேலுறையைக் கிழித்தாள், பட்டையைக் கம்பளி மேல் வைத்தாள், அவன் மோதிர விரலைப் பிடித்துச் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தாள். பெரிய ஆண் விரல். ஊசியின் மூடியைத் திருகினாள்.

வெளியே மாமனாரின் குரல். "சிஃபிசோ. மாடு தோட்டத்துல இறங்கிடுச்சு பாரு."

அவன் கையை இழுத்துக்கொண்டான். தடுமாறி எழுந்தான்.

"வந்துடறேன், அண்ணி."

"அரை நிமிஷம்தான்டா."

"ஓட்டிவிட்டுட்டு வந்துடறேன்."

அவன் மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. அது தூரமாகப் போனது. பெண்கள் பாடிக்கொண்டே திரும்பி வருகிற சத்தம் கேட்டது. அவள் பையை மெத்தைக்கு அடியில் தள்ளி, கம்பளியை இழுத்து மூடிக்கொண்டாள். அத்தை உள்ளே வந்து, தொடாமல் ஆறிப்போயிருந்த தேநீரைப் பார்த்துவிட்டு, "குடிக்கலையா?" என்றார்.

அன்று மாலை சோறு கொண்டுவந்தது வேறு யாரோ. மறுநாளும் அப்படியே. முற்றத்தில் அவன் குரல் கேட்டது, குடிசைப் பக்கம் வரவில்லை. திங்கட்கிழமை டர்பனுக்கு வேலை தேடி வேன் ஏறிவிட்டான் என்று அத்தை சொன்னார். வருடம் முடிந்ததும் வந்துவிடுவான் என்றும் சொன்னார்.

மேலுறை கிழித்த பட்டையை ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். அது மெத்தைக்கு அடியில் துளி இரத்தம் படாமல் கிடந்தது. கிளினிக்கில் இருந்த பதிவேட்டில் பதினேழாவது பெயருக்கு எதிரே, பரிசோதனைக் கட்டத்தில், அவள் போட்ட கோடு அப்படியே இருந்தது.