அம்மாவின் ஃபில்டர்

வேலூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் அவள் காபி ஃபில்டரின் மேல்கிண்ணத்தைக் கவிழ்த்து, சக்கை விழுவதற்காகத் தொட்டியில் தட்டினாள். அந்தச் சத்தத்தில் எனக்கு உடம்பே எரிந்தது.

என் சின்ன வயதில், பேரணாம்பட்டில் எங்கள் வீட்டுப் பித்தளை ஃபில்டரை, எங்களோடு இருந்த அப்பாவின் அக்காதான் தன் கையில் வைத்திருந்தாள். முதல் டிகாஷன் அத்தைக்கும் அப்பாவுக்கும். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி, வெளுத்துப்போனதை அம்மாவுக்குக் கொடுப்பாள். அம்மா ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்து வருபவள்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஒருநாள் அம்மா முதலில் எழுந்து, முதல் டிகாஷனைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டாள்.

"இன்னாடி இது? என் தம்பிக்கு இன்னா குடுப்பே?" என்று அத்தை கத்தினாள்.

"ரெண்டாவது இருக்குது. இத்தனை வருஷமா நான் குடிக்கல?"

அத்தை ஃபில்டரைப் பிடுங்கி வாசலில் எறிந்தாள். அது கணீரென்று விழுந்து நசுங்கிப்போனது.

சத்தம் கேட்டு வந்த அப்பா, அம்மாவைத்தான் திட்டினார். "காலங்காத்தால பேஜார் பண்ணாத. அக்காகிட்ட மன்னிப்பு கேளு."

அம்மா கேட்கவில்லை. காபியை நின்றபடியே குடித்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் ஒரு ஆளுக்கு மட்டும் போதுமான எவர்சில்வர் ஃபில்டரோடு திரும்பினாள். அதற்குப் பிறகு அத்தையோடு அவள் பேசவே இல்லை.

ஒருநாள் அப்பா அம்மாவிடம் காபி கேட்டார்.

"உங்க அக்காவ கேளுங்க" என்றாள்.

அத்தை போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவள் மேலிருந்த கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது. அப்பாவைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.