மாப்பிள்ளையோடு ஏறிய ராட்டினம்

2004-ம் வருடம், சித்திரைத் திருவிழா நேரம். நாங்கள் உத்தமபாளையத்தில் குடியிருந்தோம். மகளுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. முதல் திருவிழாவுக்கு மகளையும் மாப்பிள்ளையையும் வரவழைத்து, துணி எடுத்துக் கொடுத்து, ராட்டினம் போட்டிருக்கும் திருவிழாத் திடலைச் சுற்றிக் காட்டுவது எங்கள் பக்க வழக்கம். மாமனார் வாங்கித் தருவதை மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

மாப்பிள்ளைக்கு வடுகபட்டி. நல்ல பிள்ளை. ஆனால் என்னிடம் "சரிங்க மாமா", "சாப்பிட்டேன் மாமா" தவிர வேறு பேச்சே கிடையாது. எங்கள் வீட்டுச் சம்பந்தம் அவருக்குப் பிடிக்கவில்லையோ என்ற எண்ணம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. மகளிடம் கேட்கவும் தயக்கம்.

அன்று சாயங்காலம் நால்வரும் திடலுக்குப் போனோம். வயசுப் பிள்ளை, இதெல்லாம் பிடிக்கும் என்று நானாகவே முடிவு செய்து பேய் வீடு, டிராகன் ரயில், கொலம்பஸ் என்று வரிசையாக டிக்கெட் எடுத்தேன். அவரைத் தனியாக ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பது மரியாதையாகாது என்று நானும் கூடவே ஏறினேன். கொலம்பஸ் படகு ஒரு பக்கம் உயர்ந்தபோது முன்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இறங்கியதும், எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு மாமா" என்றார். அதுவே போதும் என்று பெரிய ராட்டினத்துக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

"பேரன் எடுக்கப் போற வயசுல இவுகளுக்கு வந்த ஆசையப் பாரு" என்று என் மனைவி மகளிடம் சொன்னது காதில் விழுந்தது. மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்த தொட்டியின் கதவைச் சாத்திவிட்டார்கள்.

உச்சிக்குப் போனதும் ராட்டினம் நின்றது. கீழே ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தொட்டி முன்னும் பின்னும் ஆடியது. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். திடீரென்று ஒரு கை என் மணிக்கட்டைப் பற்றியது. வேர்த்து நனைந்த கை.

"மாமா, தப்பா நெனைக்காதீக. எனக்கு உசரம்னா ஆகாது. துணி காயப்போட மொட்டை மாடிக்குக்கூட போக மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு மாப்ள ஏறுனீக?"

"நீங்கதான் அம்புட்டு ஆசையா டிக்கெட் எடுத்தீகளே. வேணாம்னா உங்க மொகம் வாடிப்போகும்ல."

"எனக்கு ஆசையா? உங்களுக்காகத்தானே நான் ஏறுனதே. கொலம்பஸ்லயே எனக்குப் பாதி உசுரு போயிருச்சு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதீக மாமா, தொட்டி ஆடுது" என்றார் அவர், தானும் சிரித்துக்கொண்டே.

அந்தத் தைரியத்தில் கேட்டே விட்டேன். எங்கள் வீடு பிடிக்காமல்தான் பேசுவதில்லையா என்று.

"ஐயோ, அதெல்லாம் இல்ல மாமா. உங்களப் பாத்தா எங்க கணக்கு வாத்தியார் மாதிரியே இருக்கும். வாய் வர மாட்டேங்குது."

ராட்டினம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. நிற்கும்வரை நாங்கள் பிடித்த கையை விடவில்லை. இறங்கி வந்ததும் மகள், "அவருக்கு ஆகாதுன்னு சொல்ல வந்தேன்ப்பா, நீங்க எங்க கேட்டீக" என்றாள்.

இப்போதெல்லாம் திருவிழாவில் என் மனைவியும் மகளும்தான் ராட்டினம் ஏறுகிறார்கள். நாங்கள் இருவரும் கீழே நின்று அவர்களுடைய பைகளைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறோம். மூன்று மாதமாக என்னை வாட்டிய சந்தேகம் வாய்விட்டுக் கேட்ட ஒரே கேள்வியில் தீர்ந்துபோனதை நினைத்தால், யார் மனதையும் நானாக ஊகித்துக்கொள்ள இன்றைக்கும் எனக்குத் துணிவு வருவதில்லை.