அமானிதமாக வந்த கிளி

டீச்சர் கனடாவுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் எங்கள் வாசலில் ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு கிளிக்கூடு. அதன் மேல் பழைய சேலைத் துண்டொன்றைப் போர்த்தியிருந்தார்.

அவரும் நானும் கல்முனையில் ஒரே பாடசாலையில் பதினாறு வருடம் படிப்பித்தவர்கள். அவருக்கு விஞ்ஞானம், எனக்குக் கணிதம். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. கணவர் இறந்த பிறகு பாண்டிருப்பில் தனியாகத்தான் இருந்தார். கனடாவில் இருக்கும் மகளுக்கு முதல் பிரசவம். ஆறு மாதம் கூட இருந்துவிட்டு வர வேண்டும்.

"சொந்தக்காரர் வீடுகளில எல்லாம் பூனை நிக்குது சேர். உங்கட வீட்டில விட்டாத்தான் எனக்கு அங்க நித்திரை வரும்" என்றார்.

நான் யோசிப்பதற்கு முன்னால் என் மனைவி கூட்டை வாங்கிவிட்டாள். "ஒண்டுக்கும் யோசிக்காம போய் வாங்க டீச்சர். எங்கட புள்ளயப் போல பாப்பம்."

எங்கள் மகள்மார் இருவரும் வெளியூரில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மனைவி ஆஸ்பத்திரியில் மிட்வைஃப். அவளுடைய வேலை நேரம் மாறி மாறி வரும். பாதி நாள் வீட்டில் என் குரல் மட்டும்தான் கேட்கும், அதுவும் தொலைபேசியில். கிளி வந்த பிறகு அது மாறியது. கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிற, உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சின்னக் கிளி. நீல உடம்பு, வெள்ளைத் தலை. டீச்சர் அப்பியாசக் கொப்பித் தாளில் எழுதித் தந்திருந்தபடி விடிய தண்ணீர் மாற்றினேன், தினை போட்டேன், பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் கூட்டை மூடினேன். நான் வினாத்தாள் திருத்தும்போது அதை வெளியே விடுவேன். அது மேசையில் நடந்து வந்து தாளின் ஓரத்தை வரிசையாகக் கடித்துக்கொண்டு போகும். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் டீச்சர் வீடியோவில் வருவார். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். கிளியைக் காட்டச் சொல்வார், சீட்டியடிப்பார், அது தலையைச் சரித்துக் கேட்கும்.

இரண்டரை மாதம் இப்படிப் போனது.

ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது மனைவி கூட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். "இஞ்செருங்க, இதுட சொண்டப் பாருங்க."

பார்த்தேன். மேல் அலகு கீழ் அலகைத் தாண்டி வளர்ந்து, நெஞ்சுப் பக்கமாக வளைந்திருந்தது. தினமும் பார்க்கிற பொருளில் மாற்றம் தெரிவதில்லை என்று மனதுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் தினைக் கிண்ணம் இரண்டு நாளாக அவ்வளவு குறையாமல் இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். கிளி குனிந்து கொத்தியது. அலகின் நுனி கிண்ணத்தின் அடியில் முட்டியது. தினை தெறித்ததே தவிர வாய்க்குள் போனது ஒன்றிரண்டுதான். மறுபடி கொத்தியது. பசி இருக்கிறது, சாப்பாடும் முன்னால் இருக்கிறது, வாயே குறுக்கே நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமையாக இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். அடிமட்டத்தை எடுத்து அளந்து எழுதிவைத்தேன். நான்கு நாள் கழித்து மறுபடி அளந்தேன். வளர்ந்திருந்தது. அளந்ததால் ஒரு பயனும் இல்லை.

கணவாய் ஓடு வைத்தால் அதில் உரசி உரசித் தேய்த்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்கள். விடியச் சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டதும் ஒருவர் சிரித்துக்கொண்டே மணலில் கிடந்த மூன்று ஓடுகளைப் பொறுக்கித் தந்தார். கழுவி, வெயிலில் காயவைத்து, கூட்டுக்குள் கட்டினேன். கிளி அதைக் கண்டு பயந்து மறுமூலைக்குப் போய்விட்டது. ஒரு கிழமை இருந்தும் அதன் பக்கம் வரவில்லை.

பிறகு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். எனக்கு முன்னால் ஒருவர் ஆட்டுடனும், இன்னொருவர் கன்று ஈனாத மாட்டைப் பற்றிச் சொல்லவும் நின்றார்கள். மடியில் கிளிக்கூட்டுடன் மர வாங்கில் இருந்த என்னை எல்லோரும் பார்த்தார்கள். வைத்தியர் நல்ல மனிதர். கூட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து நிறைய நேரம் பார்த்தார்.

"சேர், மாடு, ஆடு, கோழி எண்டா நான் பாப்பன். இந்தச் சாதிக்கு நான் படிச்சது காணாது. தெரிஞ்ச மாதிரிக் கதைச்சு உங்கள ஏமாத்த ஏலா" என்றார்.

"நுனியை வெட்டிவிட முடியாதா?"

"இந்தச் சொண்டுக்குள்ள ரத்தம் ஓடுது. எங்க மட்டும் ஓடுது எண்டு தெரியாம வெட்டினா ஆபத்து. கண்டிப் பக்கம் கொண்டு போனா இதுக்கெண்டு ஆக்கள் இரிக்காங்க. ஆனா இது இப்பவே மெலிஞ்சி போயிரிக்கி. அவ்வளவு தூரம் பஸ்ஸில தாங்குமா எண்டு நினைக்கல்ல." விட்டமின் துளி மருந்து ஒரு போத்தல் தந்தார். வாசல் வரைக்கும் வந்து இன்னொன்றும் சொன்னார்: "பிடிக்கக்குள்ள நெஞ்ச அமத்தாதீங்க. மூச்சு நிண்டுடும்."

அன்று திரும்பும் வழியில் சந்தைப் பக்கம் கிளி விற்கிற கடைக்குப் போனேன். கனடாவில் இருக்கும் டீச்சரின் கிளி, வெள்ளிக்கிழமைகளில் போனில் பார்ப்பார் என்று சொன்னேன். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்தார். "நகம் வெட்டுற மாதிரி வெட்டி உடுங்க. இல்லாட்டி..." என்று பின்னால் திரும்பி, இருபது முப்பது கிளிகள் இருந்த பெரிய கூட்டுக்குள் கையை விட்டு ஒன்றைப் பிடித்து வந்தார். நீல உடம்பு, வெள்ளைத் தலை. "இதக் கொண்டு போங்க. அவக்கு விளங்கவா போகுது? போன்லதானே பாக்கிறா."

அந்தக் கிளியை நான் கையில் வாங்கினேன். இதை மறைக்க மாட்டேன். அதன் சின்ன நெஞ்சு என் விரலுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அலகு அளவாக, மினுக்கமாக இருந்தது. இதைக் கூட்டில் விட்டு வெள்ளிக்கிழமை காட்டினால் எல்லாம் முடிந்துவிடும். பிறகு நான் கொண்டுவந்த கூட்டில் இருந்ததைப் பார்த்தேன். அது ஓட்டோ குலுங்கியதில் களைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் இதை என்ன செய்வது? எங்கே விடுவது? ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம் என்று சின்ன வயதிலிருந்து பள்ளிவாசல் குத்பாக்களில் கேட்டு வருகிறேன். அது இவ்வளவு பாரமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைக்காரரின் கிளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் அழைத்தபோது கூட்டைச் சன்னலுக்கு எதிராக வைத்தேன். வெளிச்சம் பின்னால் இருந்தால் கிளி கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

"என்ன சேர், இருட்டாக் கிடக்கு?"

"சிக்னல் சரியில்ல டீச்சர்."

பொய். சொன்ன பிறகு மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

இனியும் விட்டால் பட்டினியிலேயே போய்விடும் என்று, அடுத்த நாள் வெட்டுவதென்று முடிவெடுத்தோம். கை பழகியவள் அவள்தான் என்பதால் நகவெட்டியை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நான் எத்தின புள்ளைக்குத் தொப்புள்கொடி வெட்டியிரிக்கன், கை நடுங்கினதில்ல. இது எனக்கு ஏலா. நான் பிடிக்கன், நீங்க வெட்டுங்க."

துவாயில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியப் பிடித்தாள். நெஞ்சை அமத்தாமல் பிடிக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நான் தொலைபேசி வெளிச்சத்தை அலகுக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பாக ஒரு கோடு தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. பிஸ்மி சொல்லி நுனியில் கொஞ்சம் வெட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் எடுத்தால் சாப்பிட வசதியாக இருக்கும் என்று நினைத்து மறுபடி வெட்டினேன்.

கிளி கத்தியது. அந்தச் சத்தத்தை அதற்கு முன் அது போட்டதில்லை. அலகின் நுனியில் ஒரு துளி இரத்தம் வந்து, பெருத்து, துவாயில் விழுந்தது. உடனே இன்னொன்று.

"மா! கோதம்ப மா எடுங்க!" என்று மனைவி கத்தினாள். நான் குசினிக்கு ஓடி மா டின்னைத் திறக்கத் தெரியாமல் திறந்து, பாதியைக் கீழே கொட்டி, ஒரு பிடி கொண்டுவந்தேன். அவள் விரல் நுனியில் மாவை எடுத்து அலகில் வைத்து அமத்திப் பிடித்தாள். எத்தனை நிமிடம் என்று தெரியாது. அவளுடைய உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, ஓதுகிறாள் என்று விளங்கியது. ஒரு பெரிய மனிதன் நான், கையில் நகவெட்டியுடன் அவளுக்கு முன்னால் சும்மா நின்றேன்.

இரத்தம் நின்றது. கிளி கூட்டின் அடித் தட்டில் போய் இறகை உப்பிக்கொண்டு இருந்தது. பின்னேரம் முழுக்க அது மேலே ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே டீச்சருக்கு அழைத்தேன். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க முடியவில்லை. அலகு வளர்ந்தது, வைத்தியர் சொன்னது, நான் வெட்டியது, சிக்னல் என்று பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் இன்னொரு கிளியைக் கையில் வாங்கிப் பார்த்ததையும் சொன்னேன்.  கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"சேர்" என்றார் கடைசியில். "நானும் உங்களுக்கு ஒண்டு சொல்லேல்ல. அதுக்குப் போன வருசமே சொண்டு வளரத் துவங்கிற்று. மாசத்துக்கு ஒருக்கா நகம் தேய்க்கிற அரத்தால தேய்ச்சுத்தான் விட்டனான். வருத்தம் புடிச்ச கிளி எண்டு சொன்னா நீங்க வேணாம் எண்டுடுவீங்களோ எண்டு பயம். உங்களுக்குத் தந்த குறிப்பில முதல்ல எழுதினன். பிறகு அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டன்."

எனக்கு முதலில் கோபம் வந்தது. இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் அந்த இரத்தத்தைப் பார்த்திருக்க மாட்டேனே! ஆனால் இரண்டு நாளைக்கு முன் சன்னல் வெளிச்சத்தில் கூட்டை வைத்து மறைத்தவன் யாரைக் கோபிப்பது? தொலைபேசியை வைத்த பிறகு மனைவிதான் சொன்னாள்: "ரெண்டு பேரும் ஆளுக்காள் பயந்து, அந்த வாயில்லாச் சீவனப் பட்டினி போட்டிரிக்கீங்க."

அதற்குப் பிறகு டீச்சர் வீடியோவில் இருந்து சொல்லச் சொல்ல, எங்கள் மகளின் பெட்டியில் கிடந்த நக அரத்தால் தேய்த்தோம். போனை ஒரு பானையில் சாய்த்து வைத்தோம். "மேலயிருந்து கீழ, சேர். ஒரே பக்கமா. அது களைச்சா விட்டிருங்க." பின்னால் அவருடைய பேரப்பிள்ளை அழும் சத்தம் கேட்கும். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே எங்களுக்குச் சொல்லித் தந்தார். மூன்று பின்னேரங்களில் அலகு ஒரு வடிவத்துக்கு வந்தது. நான்காம் நாள் கிண்ணத்தில் தின்று துப்பிய தினைக் கோது கிடந்தது. மனைவி அந்தக் கோதைக் கையில் எடுத்து என்னிடம் காட்டினாள். அவ்வளவு சந்தோசமாக அவளை நான் அண்மையில் கண்டதில்லை.

மூன்று கிழமை அப்படிச் சாப்பிட்டது. பிறகு மறுபடி வளர்ந்தது, முன்னையதைவிட வேகமாக. இந்த முறை அலகில் கறுப்புப் புள்ளிகளும் இருந்தன. வைத்தியரிடம் கொண்டுபோனேன். யாரிடமோ கேட்டுப் பார்த்து வைத்திருந்தார் பாவம். "ஈரல் பழுதாகியிருக்கலாம் சேர். அப்படியெண்டா சொண்டு வளர்றது வெளிய தெரியிற அடையாளம்தான். நீங்க தேய்க்கிறது நோய்க்கு மருந்தில்ல." என்ன மருந்து என்று கேட்டேன். கையை விரித்தார்.

பத்து நாளைக்கு ஒருமுறை தேய்த்தது ஐந்து நாளைக்கு ஒருமுறை ஆனது. அவித்த முட்டையின் மஞ்சள்கருவைக் குழைத்து விரலில் வைத்துக் கொடுத்தோம். கையில் எடுத்தால் நெஞ்செலும்பு கத்தி விளிம்பு போல உறுத்தியது. டீச்சரின் பயணமும் தள்ளிப்போனது. மகளுக்கு உடம்பு சரியில்லை, பிள்ளையைப் பார்க்க வேறு ஆளில்லை. "வர ஏலாமக் கிடக்கு சேர்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார், நான் ஏதோ அவரைக் குற்றம் சொன்ன மாதிரி. நானும் ஒவ்வொரு முறையும் "நாங்க பாக்கிறம் டீச்சர்" என்றேன். பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன், அது மனைவியின் உள்ளங்கையில் செத்தது. நான் வகுப்பில் இருந்தேன். அவள் அழைத்ததை இடைவேளையில்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்தபோது அதை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். முருங்கை மரத்தடியில் குழி வெட்டினேன். மணல், வெட்டச் சுலபமாக இருந்தது.

பின்னேரம் ஆறு மணி ஆனதும் டீச்சருக்கு அழைத்தேன். என் முகத்தைக் கண்டதுமே விளங்கிக்கொண்டார். தோளில் பிள்ளை நித்திரை.

"எங்க வச்சீங்க?"

"முருங்கைக்குக் கீழ."

பிள்ளையின் முதுகைத் தடவினார். "கடைசியா ஏதும் சாப்பிட்டதா, சேர்?"

ஓம், சாப்பிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "விடிய முட்டையக் குடுத்தம். கொத்திச்சு டீச்சர். விழுங்க ஏலாமப் போயிற்று" என்றேன்.

"ஓம்" என்றார். அதற்குள் பிள்ளை எழும்பி அழத் தொடங்கியது. "வைக்கிறன் சேர்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மனைவி வேலைக்குப் போக உடுத்துக்கொண்டு நின்றாள். "என்ன சொன்னா?"

"சாப்பிட்டதா எண்டு கேட்டா."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு செருப்பைப் போட்டாள். வார்டில் மூன்று பேர் பிரசவத்துக்கு இருக்கிறார்கள், பிந்தக்கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.