ஹாஜரிக்கு முன் ஒரு பொட்டலம்

ஆபரேஷன் அறைக்குள் போன டாக்டர் பாதியிலேயே வெளியே வந்தால் அது நல்ல சேதியாக இருக்காது. தொண்ணூறுகளின் கடைசி, பெங்களூரில் ஒரு தொண்டு ஆஸ்பத்திரி. உள்ளே என் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தெருக் கூட்டும் வேலை. நடக்க முடியாவிட்டால் வேலை போய்விடும். வேலை போனால் அவள் ஒடிந்துபோவாள்.

டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார்.

"புது மூட்டைத் தட்டி உக்கார வெக்கும்போது தொடை எலும்பு உடைஞ்சிடுச்சும்மா. எலும்பு பிஸ்கட் மாதிரி இருக்கு. நிஜத்தைச் சொல்லு, ஸ்டீராய்டு ஏதாவது சாப்டாங்களா?"

முந்தின வாரமே இதைக் கேட்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், டாக்டர் திட்டுவார் என்ற பயத்தில் அம்மா மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். "பி.பி. மாத்திரை மட்டும்தான் சார்" என்று சொல்லிவிட்டேன்.

ஸ்ரீராம்புரத்தில் அம்மாவோடு வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் மேஸ்திரி பேர் கூப்பிடுகிற காலை ஹாஜரிக்கு முன் மருந்துக்கடைப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். மூன்று மாத்திரை, டீயோடு ஒரே விழுங்கு. வலி இருந்த இடம் தெரியாது. அதில் குட்டியாக, வெள்ளையாக இருந்ததுதான் ஸ்டீராய்டு. கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற எனக்கு அது எலும்பை என்ன செய்யும் என்று தெரியும். சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும் என்று பயந்து தொலைத்தேன்.

"எட்டு வருஷமா சார்" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. பிளேட்டும் ஸ்க்ரூவும் வைக்க ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சாமியிடம் கேட்கக்கூட எனக்கு முகமில்லை. பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் டாக்டர் வார்டுக்கு வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது, அதற்கப்புறமும் தெரு வேலை கஷ்டம்தான் என்றார். அம்மா அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருந்த எலும்ப ஒடச்சுட்டு நாயம் பேசுறியா? கைய எடுய்யா!"

வார்டே திரும்பிப் பார்த்தது. மாத்திரைக்கும் எலும்புக்கும் சம்பந்தம் உண்டென்று அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தவள் நான்.

"நீயே சொல்லுடி. இவருதானே ஒடச்சாரு?"

டாக்டர் கட்டைச் சுற்றிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமாம்மா. இவருதான்" என்றேன்.