விரிப்புக்குப் பின்னால் நடக்கிறவர்

அழுக்குத்துணி ஏற்றிய தள்ளுவண்டிக்குப் பின்னால், கையில் கடிகாரத்தோடு நடந்துகொண்டிருக்கிறார். வண்டி நின்றால் நிற்கிறார். தள்ளுகிறவர் தண்ணீர் குடிக்கப் போனால், வண்டிக்குக் காவல் இருப்பதுபோல நின்று, “நாலு நிமிஷம்” என்று உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறார். அவர் பின்தொடர்வது வண்டியை அல்ல, அதற்குள் கிடக்கும் ஒரே ஒரு படுக்கை விரிப்பை. அடையாளத்துக்கு அதன் மூலையில் சிவப்பு நூல் தைத்திருக்கிறார். அதனால் எங்கள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவருக்கு நூலக்கா என்று பெயர்.

கட்டிலை விட்டுப் புறப்படும் விரிப்பு கட்டிலுக்குத் திரும்ப இருபத்தொரு மணி நேரம் ஆகிறது என்று இங்கே வந்த முதல் வாரமே கண்டுபிடித்தார். “அதுல துவைக்க, காய வைக்க, மடிக்க எல்லாம் சேர்த்து ரெண்டே மணி நேரம். பாக்கி நேரமெல்லாம் மூட்டைக்குள்ள தூங்குது. மெத்தைல படுக்க வேண்டியது மூட்டைல படுத்திருக்கு!”

வயது நாற்பத்தைந்து இருக்கலாம். நடையைப் பார்த்தால் பத்து குறைக்கத் தோன்றும். கார் இருக்கை தைக்கும் ஆலையில் ஏழு வருடம், மென்பொருள் அலுவலகத்தில் நான்கு, ரொட்டித் தொழிற்சாலையில் இரண்டு. எங்கே போனாலும் வேலை ஒன்றுதான்: தேங்குவது எங்கே என்று பார்ப்பது. “கார் சீட்டு தேங்கினா தூசி படியும். ரொட்டி தேங்கினா பூசணம் பூக்கும். கம்ப்யூட்டர் வேலை தேங்கினா ஒருத்தருக்கும் தெரியாது, அதான் ஆபத்து. துணி தேங்கினா உங்க மூக்கே சொல்லிடும்.”

முன்பெல்லாம் மலைபோல் குவிந்த பிறகே இங்கே துவைக்கத் தொடங்குவார்கள். இப்போது மூன்று சிறிய குவியல்கள்தான். ஒன்று முடியாமல் நான்காவதைத் தொடக்கூடாது. தினமும் காலை, வேலைச் சீட்டுகளை மூன்று வரிசையாக ஒட்டிய சுவர்ப் பலகைக்கு முன் சலவைக்கூடத்து ஒன்பது பேரும் நின்றபடியே பத்து நிமிடம் பேச வேண்டும். டிரையர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும், எல்லாரும் டிரையர் அண்ணன் என்று கூப்பிடும் பெரியவருக்கு இது பிடிக்கவே இல்லை.

“நாள் முழுக்க நிக்கிறோம், பேசவும் நிக்கணுமா மேடம்?”

“உட்கார்ந்தா பேச்சு வளரும் அண்ணே. நின்னா கால் வலிக்கும், பேச்சு தானா சுருங்கும்.”

“அப்ப எங்க வீட்டுக்காரியை நிக்க வெச்சுப் பாருங்க. ரெண்டு மணி நேரம் அசராம பேசுவா.”

துணி மடிக்கும் பெண்கள் விரிப்பில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள். நூலக்கா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் செய்யணும், செய்யறோம், செஞ்சாச்சு என்று மூன்று வரிசை உண்டாம். “எங்க வீட்டுக்காரர் பேர் போட்ட சீட்டு மட்டும் கல்யாணம் ஆனதுலேருந்து முதல் வரிசையிலயே இருக்கு.”

சிரிப்புக்கு அடியில் ஒரு கவலையும் இருந்தது. சலவையைச் சீராக்க நிர்வாகம் அவருக்கு ஒரு மாதம்தான் தவணை கொடுத்திருந்தது. அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் பத்து மணி வண்டி ஒரு நாள் தவறினாலும் சலவை வெளியாருக்குப் போய்விடும், ஒன்பது பேரும் வீட்டுக்கு. வேலை நடக்கும் இடத்துக்கு மேலே அவர் ஒரு கயிறும் மணியும் கட்டியிருந்தார். கோளாறு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், எல்லா வேலையும் நிற்கும். நான்கு வாரமாக அதை யாரும் தொடவில்லை. “மணி அடிக்கலைன்னா கோளாறே இல்லைன்னு அர்த்தமா? பயப்படறாங்க” என்று, வாசல் ஜன்னலில் துணி எண்ணும் என்னிடம் ஒருநாள் சொன்னார்.

கடைசி நாள் நிர்வாக அதிகாரி வந்து நின்றார். ஒன்பதரை மணி. வண்டி பாதி நிறைந்திருந்தது. அப்போது மணி அடித்தது.

கயிற்றைப் பிடித்திருந்தவர் டிரையர் அண்ணன். தான் செய்த காரியத்தைத் தானே நம்பாதவர்போல மணியை அண்ணாந்து பார்த்தார். “துணி ஈரமா வருது மேடம். இப்படியே அனுப்பினா படுக்கிறவங்க முதுகு நனைஞ்சிடும்.”

“இன்னிக்குத்தான் நிறுத்தணுமா?” என்றார் அதிகாரி.

நூலக்காவோ பரிசு விழுந்தவர்போல ஓடினார். “நல்ல காரியம் பண்ணீங்க அண்ணே!” இயந்திரத்தின் பின்கதவைத் திறந்து, பஞ்சு பிடிக்கும் வடிகட்டியை உருவினார். சாம்பல் நிறத்தில், சுருண்டு படுத்த பூனைக்குட்டி அளவுக்குப் பஞ்சு வந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது.

ரொட்டித் தொழிற்சாலையில் மாவுச் சல்லடையை நான்கு முறைக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும் என்று மாற்றி, அங்கே பேர் வாங்கியவர் அவர். அதே கணக்கை முந்தாநாள் இங்கேயும் கொண்டுவந்தார். மாவு பஞ்சு விடாது, துவாலை விடும்.

அவரே தரையில் உட்கார்ந்து வடிகட்டியைச் சுரண்டினார். ஈரத்துணி ஒரு சிறு குவியல்தான் என்பதால் இன்னொரு சுற்றில் காய்ந்தது. பழைய மலையாக இருந்தால் சாயங்காலம் ஆகியிருக்கும். பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வண்டி வாசலைத் தாண்டியது.

அதிகாரி கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, சலவை இங்கேயே இருக்கட்டும்.” யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். அதிகாரி திரும்பினார். “ஆனா அது ஏன் அப்படி அடைச்சுக்கிச்சு?”

மடிக்கும் பெண் ஒருத்தி சந்தோஷத்தில் வாயை விட்டாள். “முன்ன ஒவ்வொரு தடவையும் சுத்தம் பண்ணுவோம் சார். இப்ப நாலுக்கு ஒண்ணு.”

“நாலுக்கு ஒண்ணா? எந்த மகராசன் சொன்னது?”

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். டிரையர் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். “மிஷின் என் பொறுப்பு சார். நான்தான்…”

அவர் முடிப்பதற்குள், தலையெல்லாம் பஞ்சோடு தரையில் உட்கார்ந்திருந்த நூலக்கா, முதல் பெஞ்சு மாணவிபோல வலது கையை நேராக உயர்த்தினார். அண்ணன் குனிந்து அந்த மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கப் பார்த்தார். கை இறங்கவில்லை.